சுவீகாரம் வந்த எங்கள் ஐயா: பிறந்த வீட்டை எங்கே தேடுவது?

பள்ளத்தூர்க்காரி:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் நகரத்தார், அப்பாவை அப்பச்சி என்போம். எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியைப் பெற்றவர், சுவீகாரம் (தத்து) வந்தவர். அவரைத் தத்து எடுத்த வீட்டுப் பாட்டையா ரங்கூன் கடையில் இருந்தபோதே பிள்ளை இல்லாமல் தவறிவிட்டார். அவர் மனைவியை வீட்டில் எல்லாரும் பெரியாச்சி என்பார்கள். பெரியாச்சிதான் ஐயாவை ஐந்தாறு வயதில் பிள்ளை கூட்டிக்கொண்டாராம். வீட்டில் சொல்லும் கதை அதோடு சரி. எந்த ஊர், எந்த வீடு, பெற்றவர்கள் யார், எதுவும் தெரியாது. விலாசத்தை (பெயருக்கு முன்னால் வரும் வம்ச எழுத்துகளை) பிடித்துக்கொண்டு மேலே போனால் ஆறு தலைமுறை கிடைக்கிறது. ஆனால் அது பாட்டையாவின் வழி, ஐயாவின் வழி இல்லை. (விலாசத்தை இங்கே போடவில்லை, பங்காளிகள் சண்டைக்கு வருவார்கள்.)

ஐயாவிடமே கேட்டிருக்கிறேன். மோவாயை வடக்குப் பக்கம் ஆட்டி "அங்கிட்டு" என்பார். அவ்வளவுதான். சின்ன வயதில் அவரோடு பழனிக்கு நடக்கும் கூட்டத்தை வழியனுப்பக் குன்றக்குடி வரை போவேன். அங்கே வருடா வருடம் ஒரு ஆச்சி ஓரமாக உட்கார்ந்திருப்பார். ஐயா போய்ப் பக்கத்தில் உட்கார்வார். இரண்டு பேரும் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஆச்சி ஒரு தூக்குவாளியை நீட்டுவார், ஐயா வாங்கிக்கொள்வார். யார் என்று கேட்டால் "தெரிஞ்சவுக" என்பார். 1998-இல் ஐயா தவறிய பிறகு அந்த ஆச்சியைப் பார்த்தவர் யாரும் இல்லை.

எங்கள் கோயிலில் கேட்டுப் பார்த்தேன். ஐயாவின் திருமணத்துக்குக் கோயில் மாலை வாங்கிய பதிவு கிடைத்தது, புள்ளிக் கணக்கிலும் (கல்யாணமானவர்களைக் குடும்பமாக எண்ணும் கணக்கு) இருக்கிறார். ஆனால் எல்லாம் கூட்டிய வீட்டுப் பெயரில்தான். இசைகுடிமானமும் (கல்யாணத்தில் எழுதும் ஒப்பந்த ஏடு) அப்படியே.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது எங்கள் பங்கு அறையைத் திறந்தோம். பேரேடுகளை ஒரு பங்காளி என்றைக்கோ எடைக்குப் போட்டுவிட்டார். தப்பித்தது ஒரு தகரப் பெட்டி. உள்ளே வீட்டுச் செலவு எழுதிய நோட்டு ஒன்று, கொஞ்சம் மொய் ஏடுகள், வீட்டு வேலைக் கணக்கு இரண்டு. நோட்டில் ஒரு பக்கத்துத் தலைப்பு இப்படி இருக்கிறது:

ஆங்கிரச ௵ தை ௴ ௨௰௨ ௳ பிள்ளை கூட்டின வகையில் செலவு

இது மட்டும்தான் எனக்குப் படிக்க வந்தது. கீழே இரண்டு பக்கம் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. அது எந்த வருடம்? 2, 10, 2 என்று மூன்று எண் இருக்கிறதே, அது என்ன? இதை வைத்து எங்கே போய்த் தேடுவது?

தேவகோட்டைக் கணக்கு:

ஆத்தா, எனக்கு வயது 78. எங்கள் அப்பச்சி மலாயாக் கடையில் அடுத்தாளாக இருந்தவர், அவர் எழுதிய கணக்கைப் பார்த்துத்தான் இந்த எழுத்தே பழகினேன்.

அது மூன்று எண் இல்லை. ௰ என்றால் பத்து. இரண்டு பத்து, அப்புறம் ஒரு இரண்டு, ஆக 22. பழைய கணக்கில் சைபர் கிடையாது. ௵ வருடம், ௴ மாதம், ௳ தேதி. ஆங்கிரச வருடம் 1932-33-இல் வந்தது. அதற்கு 60 வருடம் முன்னால் 1872-73-இலும் வந்தது. உங்கள் ஐயா 1998 வரை இருந்தார் என்பதால் சந்தேகமே இல்லை, 1933 பிப்ரவரி முதல் வாரம். மற்ற ஏடுகளில் வருடப் பெயர் மட்டும் இருந்தால் இந்த 60 வருடக் குழப்பம் வரும், ஜாக்கிரதை. நான் ஒரு தரம் தாது வருடம் என்பதைப் பஞ்சம் வந்த 1876 என்று நினைத்து, ஒரு வீட்டாருக்கு அவர்கள் தாத்தாவையே கொள்ளுத்தாத்தா ஆக்கிவிட்டேன். அது 1936.

கீழே உள்ள வரிகளில் ௸ வந்தால் மேற்படி, ௹ ரூபாய், ௷ வரவு, ௶ பற்று. எண்ணுக்குப் பின்னால் வ மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அது கால். இவ்வளவு தெரிந்தால் பாதிப் பக்கம் ஓடிவிடும்.

இப்போது முக்கியமான விஷயம். பெற்றவர் பெயரைத் தேடாதீர்கள். பிள்ளை கூட்டிய வீட்டுக் கணக்கில் அதைப் பளிச்சென்று எழுத மாட்டார்கள். வண்டிச் சத்தத்தை, அதாவது வண்டி வாடகையை, தேடுங்கள். வண்டிக்காரனுக்குக் கூலி கொடுத்தால் எந்த ஊருக்குப் போய் வந்தான் என்று எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு ஒப்பாது. கணக்குப்பிள்ளைக்கு ஒளிவு மறைவு எல்லாம் பெயரில்தான், செலவில் கிடையாது.

அப்புறம் உங்கள் அப்பச்சி கல்யாணத்து மொய் ஏடு இருக்கிறதா பாருங்கள். பெற்ற வீட்டார் பந்தலில் முன்னால் வந்து நிற்க மாட்டார்கள், ஆனால் மொய் எழுதாமல் போகவும் மாட்டார்கள். உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஊரிலிருந்து ஒற்றை வரி வந்திருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நோட்டை வெயிலில் காயவைக்க வேண்டாம். சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்துப் படம் எடுங்கள், மங்கிய மையும் தெரியும்.

திருமயம் வக்கீல்:

"அங்கிட்டு" என்று வடக்கைக் காட்டினார் என்கிறீர்கள். பள்ளத்தூருக்கு வடக்கே கொஞ்ச தூரம் போனாலே அந்தக் காலத்துப் புதுக்கோட்டைச் சமஸ்தானம். ராயவரம், அரிமளம், கோனாபட்டு, கடியாபட்டி எல்லாம் 1948 வரை தொண்டைமான் ஆட்சியில் இருந்த ஊர்கள். உங்கள் ஊரோ 1910-இல் உருவான ராமநாதபுரம் மாவட்டத்தில், பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. சிவகங்கை மாவட்டம் எல்லாம் 1985-இல்தான் வந்தது. ஆகவே இரண்டு அரசாங்கத்தின் தாள்களில் தேட வேண்டியிருக்கலாம். பலர் இதைக் கவனிக்காமல் ஒரே ஆபீசில் போய் நின்று வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

கூட்டியது விதவை என்பது உங்களுக்கு நல்ல காலம். அந்தக் காலத்தில் விதவை தத்து எடுக்க வேண்டுமானால், புருஷன் அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும், அல்லது பங்காளிகள் சம்மதம் வேண்டும். பங்காளி சம்மதம் போதும் என்று 1868-இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னதே நம் பக்கத்து ராமநாதபுரம் ஜமீன் வழக்கில்தான். எப்படியும் ஏதாவது எழுதி வாங்கியிருப்பார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் 3-ஆம் புத்தகம் என்று ஒன்று உண்டு. உயிலும் தத்து எடுக்கும் அதிகாரப் பத்திரமும் அதில்தான் ஏறும். எழுதியவர் காலமாகிவிட்டால் யார் மனுப் போட்டாலும் நகல் கொடுக்கலாம் என்று 1908 பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு சொல்கிறது. கவுண்டரில் "அதெல்லாம் தர முடியாது" என்றால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். நிலம் வீட்டுப் பத்திரங்கள் 1-ஆம் புத்தகம், அதை யாரும் பார்க்கலாம். ஆன்லைன் வில்லங்கத்தை நம்பி உட்காராதீர்கள், 1930-கள் அதில் வராது. கையால் தேடச் சொல்லி மனுப் போட வேண்டும். பாட்டையா பெயரிலும் பெரியாச்சி பெயரிலும் தனித்தனியாக.

வழக்கு நடந்ததா என்றும் பாருங்கள். விதவை தத்து எடுத்து, ரங்கூனில் கடையும் இருந்தால், பங்காளிகள் சும்மா இருந்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. சென்னை ஹைகோர்ட்டின் பழைய தீர்ப்புகள் இந்தியன் கானூன் தளத்தில் நிறைய இருக்கின்றன. விலாசத்தை ஆங்கிலத்தில் அடித்துத் தேடுங்கள். தீர்ப்பின் முதல் பத்தியிலேயே யாருக்கு யார் பிள்ளை என்று வம்சாவளியை எழுதிவிடுவார்கள். சண்டை போட்ட குடும்பத்துக்குத்தான் வரலாறு நன்றாகக் கிடைக்கும்!

தரமணி வாசகன்:

சென்னைக்கு வந்தால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். ரோஜா முத்தையா செட்டியார் கோட்டையூர்க்காரர், உங்களுக்குப் பக்கத்து ஊர். அவர் சேர்த்தவை சுமார் ஒரு லட்சம். 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994-இல் சென்னையில் நூலகமாக வைத்தார்கள். புத்தகம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கடிதம் என்று மற்றவர்கள் குப்பையில் போடுவதையும் அவர் எடுத்து வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகையில் ஊரும் விலாசமும் இருக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காரைக்குடியில் வந்த ஊழியன், குமரன், ரங்கூனில் வந்த தனவணிகன் போன்ற அந்தக் காலத்துப் பத்திரிகைகளையும் கேட்டுப் பாருங்கள். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, ஆனால் அது ஊர் தெரிந்த பிறகு. ஊர் தெரியாமல் போனால் கடலில் ஊசி தேடுவதுதான்.

கிள்ளான் சோமு:

உங்களுடையது பர்மாக் கடை. இருந்தாலும் மலாயாவிலும் கிளை இருந்ததா என்று பாருங்கள். சிங்கப்பூர்த் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் போட்டிருக்கிறது, 1935-இல் தொடங்கிய தமிழ் முரசும் உண்டு. ஆங்கிலத் தாள்களில் தேடும்போது விலாசத்தின் வெறும் எழுத்தைப் போட்டால் சிக்காது. நம் ஆட்கள் மூனா ரூனா, ஆவன்னா, சூனா பானா என்று வாயால் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். செட்டி, செட்டியார் இரண்டையும் போட்டுத் தேடுங்கள். எங்கள் தாத்தாவின் பெயர் ஒரே தாளில் நாலு விதமாக வந்திருக்கிறது.

ஆசாரி பேரன்:

நான் நகரத்தார் இல்லை. எங்கள் தாத்தாவும் அவர் அப்பாவும் உங்கள் பக்கத்து வீடுகளில் நிலை, கதவு, தூண் செதுக்கியவர்கள். எங்களுக்குப் புள்ளிக் கணக்கு இல்லை, இசைகுடிமானம் இல்லை, சொத்து இல்லாததால் பத்திரமும் இல்லை. வீட்டு வேலைக் கணக்கு இரண்டு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஆசாரிகள் பெயர் இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா அக்கா? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் எங்கள் ஆட்கள் செதுக்கிய கதவுகளைப் பார்க்கிறேன். செதுக்கியவர் பெயர் எந்தக் கதவிலும் இல்லை.

பள்ளத்தூர்க்காரி:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். எல்லாருக்கும் நன்றி.

தேவகோட்டைப் பெரியப்பச்சி சொன்னபடி பெயரை விட்டுவிட்டுச் சத்தத்தைத் தேடினேன். வெற்றிலை பாக்கு, மஞ்சள், சர்க்கரை, நாதஸ்வரக்காரர், பையனுக்குப் பட்டுத்துண்டு, எல்லாம் தாண்டி இரண்டாம் பக்கத்துக் கடைசியில் இருந்தது. "௸ அரிமளம் போய் வர வண்டிச் சத்தம் ௹ ௪". இரண்டு தடவை எழுதியிருக்கிறது. முதல் தடவை தை 19-ஆம் தேதி. அது பேசி முடிக்கப் போனதாக இருக்கும். இரண்டாவது 22-ஆம் தேதி.

அப்பச்சியின் கல்யாணம் 1975. அந்த மொய் ஏட்டிலும் அரிமளம் என்று ஒரே ஒரு வரி இருக்கிறது, விலாசத்தோடு. அப்பச்சிக்கு அந்த விலாசமே தெரியவில்லை. வக்கீல் சார், 3-ஆம் புத்தகத்துக்கு இங்கே மனு எழுதிவிட்டேன், அரிமளம் எந்தச் சார்பதிவாளர் எல்லை என்று மட்டும் சொல்லுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பச்சியைக் கூட்டிக்கொண்டு நேரிலும் போகிறேன்.

ஆசாரி பேரன் தம்பிக்கு: 14 பக்கம் படம் எடுத்துத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். மூன்று ஆசாரி பெயர் இருக்கிறது, ஒவ்வொருவருக்கும் எத்தனை நாள் வேலை என்பதோடு. ஒருவர் ஐப்பசியில் நாலு நாள் வரவில்லை, "மகள் பேறு" என்று போட்டிருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது ஐப்பசிப் பிறப்பு உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

பெரியப்பச்சி, ஒரு சந்தேகம். மொய் ஏட்டில் அந்த அரிமளம் வரியை மட்டும் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டு வைத்திருக்கிறது. வேறு எந்த வரிக்கும் இல்லை. ஐயா கை மாதிரி இருக்கிறது என்கிறார் அப்பச்சி. கணக்கில் அந்த வட்டத்துக்கு என்ன அர்த்தம்?

தேவகோட்டைக் கணக்கு:

கணக்கில் அப்படி ஒரு குறி கிடையாது ஆத்தா.