ஹோஸ்டிங் பேனலில் பக்கத்துக் கடையின் பேக்கப் இறங்குகிறது, தப்பு என்னுடையதா பேனலுடையதா?

கொலுசுப்பட்டறை:
சின்னதாக ஒரு விபிஎஸ் (வாடகை சர்வர்), அதில் தளங்களை நிர்வகிக்கும் இலவசப் பேனல் ஒன்றைப் போட்டு, தெரிந்தவர்களின் தளங்களை ஓட்டுகிறேன். செவ்வாய்ப்பேட்டை கொலுசுக் கடைகள், ஏற்காட்டு காட்டேஜ் புக்கிங் என்று. காட்டேஜ்காரர் பையன் அவர்கள் லாகினில் பேக்கப் டவுன்லோடு லிங்க்கின் கடைசி எண்ணை விளையாட்டாக மாற்றியிருக்கிறான், ஒரு கொலுசுக் கடையின் முழு பேக்கப்பும் இறங்கிவிட்டது, வாடிக்கையாளர் போன் நம்பர்களோடு. நல்லவேளை, உடனே என்னிடம் சொல்லிவிட்டான். ஃபைல் பெர்மிஷன் பார்த்துவிட்டேன், யாரும் படிக்கலாம், மாற்றலாம் என்கிற 777 எங்கும் இல்லை. வேறு எதைப் பார்ப்பது?

அஸ்தம்பட்டி_அட்மின்:
பேனலின் ஓட்டைதான் இது. பேனல் ரூட்டாக, அதாவது சர்வரின் முழு அதிகாரத்தோடு, ஓடினால் பெர்மிஷன் எப்படி இருந்தாலும் எந்த ஃபைலையும் எடுத்துக் கொடுத்துவிடும். ஆள் லாகின் செய்திருக்கிறாரா என்று மட்டும் பார்க்கிறது, கேட்கிற பேக்கப் அவருடையதுதானா என்று பார்ப்பதில்லை. லாட்ஜில் எந்தச் சாவியும் எந்த அறையையும் திறக்கிற கதைதான். இப்படி எண்ணை மாற்றி அடுத்தவர் தரவை எடுக்கிற ஓட்டைக்கு ஐடார் (IDOR) என்று பெயர், தேடிப் பாருங்கள். இணையப் பாதுகாப்பு ஆபத்துகளை வரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் (OWASP) அமைப்பின் 2017 பட்டியலில் ஐந்தாவதாக இருந்த, இது சேர்ந்த வகையான அணுகல் கட்டுப்பாட்டுக் கோளாறு 2021ல் முதலிடத்துக்கே வந்துவிட்டது.

ஐந்துரோடு:
எண்ணுக்குப் பதில் நீளமான ரேண்டம் எழுத்துகள் வைத்தால் போதாதா? பேனல் போர்ட்டையும் (பேனல் திறக்கிற இணைப்பு எண்) மாற்றிவிடலாம்.

ஷெவராய்_ரூட்:
போதாதுங்க. லிங்க் பிரவுசர் ஹிஸ்டரியில் இருக்கும், சர்வரின் பதிவேடான லாகில் இருக்கும், நம்ம ஆட்கள் வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிடுவார்கள். போர்ட்டும் அப்படித்தான், லாகின் வைத்திருக்கிற வாடிக்கையாளருக்குத் தெரியாத போர்ட்டா? சர்வர் பக்கம் ஒவ்வொரு கோரிக்கையிலும் உரிமையைச் சரிபார்க்க வேண்டும், அதுவும் ஒரு வழியை விடாமல். 2024 அக்டோபரில் சைபர்பேனல் என்கிற ஹோஸ்டிங் பேனலுக்கு என்ன ஆச்சு? பாதுகாப்புச் சோதனையை போஸ்ட் (POST) வகைக் கோரிக்கைக்கு மட்டும் வைத்திருந்தார்கள், ஆப்ஷன்ஸ் (OPTIONS) என்ற வேறு வகையில் அனுப்பினால் சோதனையே நடக்கவில்லை, லாகினே இல்லாமல் ரூட்டாகக் கட்டளை ஓடியது. சுமார் 22,000 சர்வர்கள் இணையத்தில் திறந்து கிடந்தன, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் PSAUX ரான்சம்வேர் புகுந்துவிட்டது.

உங்கள் விஷயத்தில் முதலில் வாடிக்கையாளர் லாகின்களை நிறுத்துங்கள். பேனல் போர்ட்டை ஃபயர்வாலில் மூடிவிட்டு எஸ்எஸ்எச் டனல் என்கிற மறையாக்கப்பட்ட தனி வழியாக நீங்கள் மட்டும் போங்கள், அவர்கள் வேலையைக் கொஞ்ச நாள் நீங்களே செய்து கொடுக்க வேண்டியதுதான். பேக்கப்புகளை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். அப்புறம் ஆக்சஸ் லாகில் அந்த டவுன்லோடு பாதையைத் தேடுங்கள், இந்தப் பையன்தான் முதல் ஆள் என்று எப்படிச் சொல்ல முடியும்?

அஸ்தம்பட்டி_அட்மின்:
வேர்ட்பிரஸ் என்றால் டபிள்யூபி-கான்ஃபிக் ஃபைலும் அந்த பேக்கப்பில் போயிருக்கும். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், லாகின் குக்கீகளைக் காக்கும் சால்ட் கீ, அட்மின் பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பேனல் பெயரையும் லிங்க்கையும் இங்கே போடாதீர்கள், எழுதியவர்களுக்குத் தனியாக மெயில் அனுப்புங்கள், பதில் இல்லையென்றால் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு.

கொலுசுப்பட்டறை:
லாகின்களை நிறுத்திவிட்டேன். லாகில் அந்தப் பையனுடைய ஐபி மட்டும்தான் இருக்கிறது, ஆனால் பழைய லாக் தானாக அழிந்திருக்கிறது. கடைக்காரரிடம் சொல்லத்தான் வேண்டுமா? மனுஷன் கத்துவார்.

ஷெவராய்_ரூட்:
கத்தட்டும், சொல்லிவிடுங்கள். போன் நம்பர்கள் அவருடைய வாடிக்கையாளர்களுடையது. பழைய லாக் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.