சிங்கப்பூர் பயணம்: குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

செல்வி அத்தை: சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்கு லீவு. யாருக்கு எங்கே போகணும், இப்போதே சொல்லிவிடுங்கள்.

திவ்யா: மெர்லயன் சிலை, மரினா பே, மரம் மாதிரி நிற்கும் கோபுரங்களான சூப்பர் மரங்கள். அவ்வளவுதான் அத்தை.

பெரியப்பா: எனக்கு இரண்டாம் உலகப் போர் இடங்கள்தான்: ஃபோர்ட் கேனிங் பதுங்கு அறை, பழைய ஃபோர்டு தொழிற்சாலை, கிராஞ்சிப் போர்க் கல்லறை. மூன்றும் வேண்டும்.

திவ்யா: அப்பா, நாம் ஊர் சுற்றப் போகிறோம், பரீட்சை எழுத இல்லை 😭

செல்வி அத்தை: இருங்கள் அண்ணா. நீங்கள் கேட்பதில் பாதி அவள் போகிற வழியிலேயே இருக்கிறது. மெர்லயனிலிருந்து பாலத்தைத் தாண்டி நடந்தால் எஸ்பிளனேட் பூங்கா. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துக்கான (ஐ.என்.ஏ.) நினைவிடம் அங்கேதான்.

பெரியப்பா: 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டியது. அதைத்தான் பிரிட்டிஷ் தளபதி மவுண்ட்பேட்டன் இடிக்கச் சொல்லிவிட்டாரே?

செல்வி அத்தை: ஆமாம். இப்போது இருப்பது 1995இல் வைத்த அடையாளம். கவனிக்காவிட்டால் தாண்டிப் போய்விடுவோம். சாலைக்கு அந்தப் பக்கம் பாடாங் திடல். 1943 ஜூலையில் ‘டெல்லி சலோ’ என்று அவர் முழங்கியது அங்கே. இன்றைக்குப் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

அம்மா: தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் ஐ.என்.ஏ.வின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்களே, அதுவும் அங்கேதானா செல்வி?

செல்வி அத்தை: அதே ஊர்தான் அண்ணி. 1943 அக்டோபரில் வாட்டர்லூ தெருவில் முகாம் தொடங்கினார்கள், கேப்டன் லட்சுமி தலைமையில். மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். லிட்டில் இந்தியா போகும்போது அந்தத் தெரு வழியாக நடக்கலாம்.

திவ்யா: சரி, இதற்கு நான் வருகிறேன்.

கார்த்தி: மற்ற இடங்கள்?

செல்வி அத்தை: ஃபோர்டு தொழிற்சாலை, பதுங்கு அறை இரண்டில் ஒன்றுதான் முடியும். ஆங்கிலேயர் ஜப்பானியரிடம் சரணடைந்து கையெழுத்துப் போட்டது ஃபோர்டில். ஆனால் அந்த அசல் மேசை இப்போது ஆஸ்திரேலியாவில், கான்பெராவில் இருக்கிறது.

பெரியப்பா: மேசையைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வருகிறேன்! பதுங்கு அறையே போதும். சரணடைவது என்று பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் முடிவெடுத்தது அங்கேதான், 1942 பிப்ரவரி 15 காலையில்.

திவ்யா: ஜப்பானியரைவிட ஆங்கிலேயரிடம் ஆள் அதிகமாமே, ஏன் சரணடைந்தார்கள்?

பெரியப்பா: நீர்த்தேக்கங்கள் கைவிட்டுப் போய்விட்டன. குண்டு விழுந்து குழாய்களும் உடைந்தன. நகரம் முழுக்க மக்கள். தண்ணீர் இல்லாமல் எத்தனை நாள் தாங்கும்?

செல்வி அத்தை: கிராஞ்சிக்கு ஞாயிறு காலையிலேயே கிளம்பணும், அப்புறம் வெயிலில் மேடு ஏற முடியாது. சிவப்பு வழித்தட ரயிலில் ஏறினால் நேராகப் போகலாம். கல்லறை இல்லாத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் சுவர்களில் வெட்டியிருக்கின்றன. இந்தியப் படைப்பிரிவுகளின் பெயர்களும் வரிசையாக இருக்கும். அண்ணா, தகனம் செய்யப்பட்டவர்களுக்குத் தனி நினைவுச்சின்னம் உண்டு. கிட்டத்தட்ட 800 பேர், பெரும்பாலும் இந்திய வீரர்கள். அதை அவசரமாகப் பார்க்க வேண்டாம்.

அம்மா: பூ வாங்கிக்கொண்டு போகலாமா?

செல்வி அத்தை: தாராளமாக அண்ணி. லிட்டில் இந்தியாவில் இருக்கும் டேக்கா சந்தையில் சனிக்கிழமையே வாங்கி வைக்கிறேன்.

திவ்யா: என் சூப்பர் மரங்கள்???

செல்வி அத்தை: சனி இரவு 7.45க்கு விளக்குக் காட்சி. தவறினால் 8.45க்கு இன்னொன்று. டிக்கெட் கிடையாது, புல்லில் படுத்துக்கொண்டு பார்க்கலாம்.

பெரியப்பா: படுத்தால் நான் தூங்கிவிடுவேன்.

கார்த்தி: பரவாயில்லை பெரியப்பா, 8.45 காட்சிக்கு எழுப்பிவிடுகிறேன்.