மறுமொழி: ஒருசெல்லா, தனிக்கலமா?

அன்புள்ள ஐயா,

unicellular organism என்பதற்குத் தமிழில் எந்தச் சொல் என்ற கேள்விக்கு, "ஒருசெல் உயிரி என்றே இருக்கட்டும், பாடநூலில் பழகிவிட்டது" என்று எழுதியிருந்தீர்கள். பழகியது உண்மைதான். ஆனால் நேற்று ஒரு சிறுவர் இதழுக்கு மெய்ப்பு பார்த்தபோது 'அமீபா ஒரு செல் உயிரி' என்று வந்திருந்தது. நடுவே ஓர் இடைவெளி, அவ்வளவுதான். எண்ணிக்கை சொல்ல வந்த 'ஒரு', 'அது ஒரு மாடு' என்பதில் வரும் 'ஒரு'வாகிவிட்டது. சேர்த்து எழுதினாலோ 'அமீபா ஒரு ஒருசெல் உயிரி' என்று திக்க வேண்டியிருக்கிறது. (செல் என்றால் கறையானும்தான், என் வீட்டுப் பழைய புத்தகங்கள் சாட்சி.)

'ஓருயிரணு' என்ற மாற்றுச்சொல் பற்றி: ஓர் உயிரணுவா, ஓருயிரின் அணுவா? போதாக்குறைக்கு, நாளிதழ் மருத்துவ விளம்பரங்களில் உயிரணு என்றால் விந்தணு. விட்டுவிடலாம்.

'நுண்ணுயிரி' போதுமே என்றார் இன்னொரு நண்பர். போதாது, அது உருவ அளவைச் சொல்வது. மன்னார் வளைகுடாவில் திராட்சைக் கொத்து மாதிரி வளரும் கோலெர்ப்பா பாசியைக் கையிலேயே எடுத்துப் பார்க்கலாம். தண்டு, இலை, வேர் என்று எல்லாம் இருப்பதுபோல் தெரியும். உள்ளே தடுப்புச் சுவரே கிடையாது. எண்ணற்ற உட்கருக்களோடு முழுப் பாசியும் ஒரே செல்! குளத்து நீரில் நுண்ணோக்கி வைத்துத் தேட வேண்டிய ரோட்டிஃபர் என்ற குட்டி விலங்குக்கோ ஏறக்குறைய ஆயிரம் செல்கள்.

ஆகவே செல்லுக்குக் கலம். இலங்கைப் பாடநூல்களில் அதுதான் புழக்கம். 1665இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் கண்டு 'செல்' என்று பெயர் வைத்தது சிற்றறை போன்ற வெற்றுக் கூடுகளுக்கு. உள்ளே ஒன்றைக் கொண்டிருப்பது என்ற பொருள் கலத்தில் தானாகவே வந்துவிடுகிறது. ஒருசெல்லை இலங்கையில் 'தனிக்கலம்' என்பார்கள். எனக்கு இடிப்பது அந்தத் 'தனி'. இட்லி மாவைப் பொங்க வைக்கும் லூக்கோனோஸ்டாக் பாக்டீரியா இரண்டிரண்டாகவும் சங்கிலி கோத்தும் கிடக்கும். ஒவ்வொன்றும் ஒரே கலம்தான். தனியாக மட்டும் இல்லை.

என் பரிந்துரை: ஒற்றைக்கல உயிரி. 'அமீபா ஓர் ஒற்றைக்கல உயிரி' என்பது நாக்கில் தடுக்கவில்லை. யாராவது பிரித்து எழுதினாலும் பொருள் கெடாது.

எதிர்ச்சொல்தான் சிக்கல். 'பல்கல உயிரி' என்று தட்டினேன், பிழைதிருத்தி அதைப் 'பல்கலை' ஆக்கிவிட்டது. 'பலகல' என்று வைத்தால் உங்கள் காதுக்கு எப்படி இருக்கிறது ஐயா?