மறு: படக்கதைக்குக் காசு – பதினோராம் பக்கம் பற்றி

எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று கிழமையாக இந்தக் கடிதங்களை வாசித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். ரீச்சரின் பேத்தி வரைகிற படக்கதைக்கு 3,000 டொலர் எதற்கு, அச்சுக்கூலி அதற்குள்ளா வெளியிலா என்று பொருளாளர் கேட்கிறார். கேட்க வேண்டியதுதான், பள்ளிக்கூடத் தண்ணீர்த் தாங்கிக்குச் சேர்த்த காசுக்கே இன்னும் பற்றுச்சீட்டைக் காணோம். தை மாதம் என் அக்கா ஊருக்குப் போனபோது அந்தத் தாங்கி அடியால் ஒழுகிக்கொண்டிருந்ததாம். பெரியண்ணைக்கு வேறு கவலை. கதாநாயகன் எங்கள் பள்ளிக்கூட ரையோடு நிற்க வேண்டுமாம், பக்கத்து ஊர்ப் பெடியன் என்று ஒருவரும் நினைத்துவிடக் கூடாதாம். சரி, கட்டிவிடட்டும். ட்ரக்கைத் தூக்கி எறிகிறவனுக்கு ரை ஒரு கேடா என்று கேட்டால் கோபிப்பார்.

ரீச்சரின் பேத்தி அனுப்பிய மாதிரிப் பக்கங்களை இரண்டு தரம் பார்த்தேன். நல்ல கை அந்தப் பிள்ளைக்கு. கதையில், அதிசய சக்தி உள்ள பிள்ளைகள் எல்லோரும் பெயரைப் பதிய வேண்டும் என்று அரசாங்கம் அறிவிக்கிறது, பிறகு ஒரு விடியற்காலையில் ஊரை வளைத்து அள்ளுகிறது, பதினேழு வயதுப் பெடியன் ஒருத்தன் மட்டும் ஏற மாட்டேன் என்று நிற்கிறான். தொட்ட இரும்பு அவன் கையில் இளகிப் போகும். துவக்குக் குழாய் வாழைத்தண்டு மாதிரித் தொங்குகிற படத்தை என் மகனுக்கும் காட்டினேன். வழக்கில்லாமல் 18 மாதம் அடைக்கலாம் என்று கதையில் வருகிற சட்டம் மிகைப்படுத்தல் என்று சிட்னித் தம்பி எழுதியிருந்தார். தம்பி, 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் இருந்ததும் அதே 18 மாதம்தான். பிள்ளை எங்கோ தேடி வாசித்திருக்கிறாள். கெட்டிக்காரரைப் பார்த்துப் பிடிப்பதும் அவள் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை, எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தபோது எங்களுக்கு மூத்தவர்கள் நல்ல புள்ளி எடுத்தும் வீட்டில் இருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

நான் எழுத வந்தது பதினோராம் பக்கத்தைப் பற்றி. முகத்தை மறைத்துச் சாக்குப் போட்டு, ஆமிக்குத் தலையை ஆட்டி ஆளைக் காட்டிக் கொடுக்கிற தலையாட்டியின் கால் பெரிதாக வருகிற பக்கம்.

1987 மே 26 வடமராட்சியில் ஆமியின் ஒப்பரேசன் லிபரேசன் தொடங்கியது. அதற்குச் சில நாள் கழித்து எங்கள் பக்கம் வந்தார்கள். சனம் முழுக்கக் கோயிலில். பெடியளைத் தனியாகப் பிரித்து பள்ளிக்கூட மைதானத்தில் குந்த வைத்து, சேட்டைக் கழற்றச் சொல்லி முழங்கையையும் முழங்காலையும் தடவிப் பார்த்தார்கள், தவழ்ந்து பயிற்சி எடுத்த உராய்வு இருக்கிறதா என்று. எனக்கு முழங்காலில் பந்தடித்து விழுந்த காயம். என்ன சொல்லி நம்ப வைப்பது? பிறகு வரிசையில் விட்டார்கள். ஜீப்பின் முன் சீட்டில் வெங்காயச் சாக்கைத் தலையில் கவிழ்த்தபடி ஒருவர். நாலு பேருக்குப் பின்னால் நிற்கும்போதே எனக்குத் தெரிந்தது, கண்ணுக்கு வெட்டிய ஓட்டையின் ஓரத்தில் ஒரு வெங்காயச் சருகு, அவர் மூச்சு விட விட அசைந்துகொண்டிருந்தது. கிட்டப் போனதும் பிடரியில் கை வைத்துக் குனிய விட்டார்கள். அதனால் காலைத்தான் பார்த்தேன். செருப்பில்லை. வலது பெருவிரல் நகம் நடுவால் பிளந்து பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாக. அந்தக் காலுக்கு எத்தனை பின்னேரம் பந்து தட்டிக் கொடுத்திருப்பேன்.

சாக்கு ஆடவில்லை. ஆமிக்காரன் அதட்டினான், அப்போதும் ஆடவில்லை. என்னைத் தள்ளிவிட்டார்கள். எனக்குப் பின்னால் நின்றவருக்கு ஆடியது.

பின்னால் நின்றது யார் என்று பெரியண்ணைக்குச் சொல்லத் தேவையில்லை. கப்பலில் காலிக்குக் கொண்டுபோய், பூசா தடுப்பு முகாமில் வைத்திருந்து, யூலை 29 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் விட்டார்கள். அந்த நாட்களில் வடமராட்சியில் ஆயிரக்கணக்கில் ஏற்றினார்கள், பல இடங்களில் தலையாட்டியே தேவைப்படவில்லை, வயதைப் பார்த்தே ஏற்றினார்கள். இதை நான் யாரையும் காப்பாற்றச் சொல்லவில்லை. ஆனால் பிள்ளையின் கதையில் அந்த ஆள் காசுக்குத் தலையாட்டுகிறான், கடைசியில் பெடியன் கையால் சாகிறான். நான் பார்த்த காலில் கணுக்காலில் இருந்து பாதம் வரைக்கும் இரத்தம் காய்ந்திருந்தது.

அந்த வீட்டார் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள். எங்களோடு பந்தடித்த எவரும் அந்த நகத்தைக் கண்டவுடன் பிடித்துவிடுவார்கள். ரீச்சர் பேத்திக்கு எவ்வளவு சொன்னாவோ தெரியாது. அந்தக் காலை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், ஒரு செருப்பைப் போட்டுவிட்டால் போதும். என் பங்குக்கு 200 பவுண் அனுப்புகிறேன்.

லண்டனிலிருந்து,
குளத்தடி வீட்டு இளையவன்

—

பொருளாளர்:

200 பவுணை எந்த நாள் மாற்று விலையில் வரவு வைப்பது, வங்கிக் கழிவு யார் தலையில்? படக்கதைக்கென்று எழுதி அனுப்பினால்தான் அந்தக் கணக்கில் போடலாம், இல்லாவிட்டால் பொது நிதிக்குப் போய்விடும், பிறகு என்னைக் குறை சொல்லாதீர்கள். தாங்கிப் பற்றுச்சீட்டு பழைய செயலாளரிடம் இருக்கிறது. அவர் என்னோடு கதைப்பதில்லை, ஏன் என்று எல்லோருக்கும் தெரியும்.

—

பெரியண்ணை:

நான் ரை என்று எழுதவில்லை, பள்ளிக்கூடச் சின்னம் என்றுதான் எழுதினேன். திரும்பப் போய் வாசிக்கவும்.

தம்பி இப்போதும் வெங்காயம் விற்கிற பக்கம் போக மாட்டான். யார் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அம்மா சாகும்வரை நாலைந்து பேரைச் சொல்லிச் சொல்லித் திட்டுவா, அதில் உங்கள் வீடும் ஒன்று. உன்னை ஏன் விட்டார்கள் என்று நானே யோசித்ததுண்டு. குளத்தடிக்காரன் 38 வருடம் வாயைத் திறக்கவில்லை, என் கலியாணத்துக்கு வந்து பந்தியிலும் இருந்தான். அந்த அணியில் வலது காலால் வெறுங்காலோடு அடிக்கிறவர்கள் இரண்டு பேர்தான், அதில் ஒருவர் 1985இலேயே ஜெர்மனிக்கு வந்துவிட்டார். மற்றவரின் வீட்டுக்குப் போன வருடம் போய்த் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது தெரிந்துவிட்டது. நன்றி.

—

ரொறன்ரோவிலிருந்து ரீச்சரின் பேத்தி:

வணக்கம் மாமா, என் தமிழில் பிழை இருந்தால் மன்னிக்கவும். அப்பம்மா எனக்கு சாக்கைப் பற்றி மட்டும்தான் சொன்னா, காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு கால் வரைய வராது. அதனால் என் காலைக் கண்ணாடியில் பார்த்து வரைந்தேன். போன மாரியில் பனிச்சறுக்குச் சப்பாத்து விழுந்து என் நகம் இரண்டாகப் பிளந்துவிட்டது, இன்னும் சரியாக வளரவில்லை.

செருப்புப் போட்ட படத்தை இணைத்திருக்கிறேன். இது போதுமா?