அலபாமாவின் கூட்டாட்சி நீதிமன்றக் கட்டடங்கள்: பழையவை இன்னும் பயன்பாட்டில் உள்ளனவா?

கேள்வி:
அமெரிக்காவின் அலபாமா மாநிலம் வடக்கு, நடு, தெற்கு என மூன்று கூட்டாட்சி நீதி மாவட்டங்களாகப் பிரிந்திருப்பதை அறிவேன். அங்குள்ள பழைய நீதிமன்றக் கட்டடங்களில் இன்றும் வழக்குகள் நடைபெறுகின்றனவா? வரலாற்று நோக்கில் எதை முதலில் படிக்கலாம்?

பதில் 1:
ஐயமின்றி மாநிலத் தலைநகரான மான்ட்கமரிதான். 1933இல் கட்டி முடிக்கப்பட்டு, பின்னர் நீதிபதி ஃபிராங்க் எம். ஜான்சனின் பெயரைப் பெற்ற அந்தக் கட்டடத்தில்தான், நகரப் பேருந்துகளில் இனப் பிரிவினை அரசமைப்புக்கு முரணானது என்று மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு 1956 ஜூனில் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. கறுப்பினத்தவரின் வாக்குரிமை கோரி செல்மா நகரிலிருந்து மான்ட்கமரிக்கு நடைப்பயணம் செல்ல 1965 மார்ச்சில் ஜான்சன் அனுமதி வழங்கியதையும் இதனுடன் சேர்த்துப் படியுங்கள். அதை ஒட்டிப் பின்னாளில் பெரிய இணைப்புக் கட்டடம் எழுந்தபோதும் பழையது கைவிடப்படவில்லை என்பது எனக்கு மிகுந்த நிறைவளிக்கிறது.

பதில் 2:
பர்மிங்காமையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்குள்ள பழைய கட்டடம், 1989இல் அஞ்சல்வழி வந்த வெடிகுண்டுக்குப் பலியான மேல்முறையீட்டு நீதிபதி ராபர்ட் வான்ஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதில் திவால் நீதிமன்றம் இயங்குகிறது. மாவட்ட நீதிமன்றமோ அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஹியூகோ பிளாக் பெயரிலுள்ள புதிய கட்டடத்தில் உள்ளது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மான்ட்கமரி தீர்ப்பிலிருந்தே தொடங்குகிறேன்.