புதுப்பிப்பு: டிரோசெரா போத்தலில் பூஞ்சை, இறுகாத அகார்

பினாங்கு வீட்டில் டிரோசெரா (பூச்சி தின்னும் செடி) விதை போட்ட போத்தலில் பூஞ்சை, விதைக்குப் படுக்கையான அகார் ஜெல்லியும் இறுகவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டும் தீர்ந்தன.

அகாருக்குக் காரணம் புளிப்பு. பி.எச். (புளிப்பு அளவு; குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5-க்குக் கீழே இறங்கினால் குக்கர் சூட்டில் அகார் சிதைந்து கூழாகவே நிற்கும். லிட்டர் தண்ணீருக்கு எம்.எஸ். உப்பு (போத்தலில் செடி வளர்க்கும் ஊட்ட உப்புக் கலவை) வழக்கமான அளவில் பாதி, சீனி 20 கிராம், பி.எச். 5.7 ஆக்கிய பிறகே அகார் 7 கிராம். பிறகு பிரஷர் குக்கரில் 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் 20 நிமிடம்.

பூஞ்சை விதையோடுதான் வருகிறது. காப்பி வடிதாளில் விதையை மடித்து, ஒரு பங்கு குளோராக்ஸ் (குளோரின் வெளுப்பான்), ஒன்பது பங்கு தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு கலந்து 10 நிமிடம் ஊறவையுங்கள். சோப்பைத் தவிர்த்தால் தூள் போன்ற விதையில் காற்றுக்குமிழ் ஒட்டிக்கொள்ளும். குளோரின் அங்கே படாது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பிறகு குக்கரில் வேகவைத்த தண்ணீரில் மூன்று முறை அலசல். விதை போடும்போது காற்றாடி, ஏர்கோன் இரண்டும் அணைந்திருக்கட்டும், வியர்த்தாலும் பரவாயில்லை.