மேரிலேண்ட் பிரிட்ஜ் எத்தனை வருஷம் தாங்கும்? (புதுப்பிப்பு)

அக்கா மகளுக்கு மேல் முன்வரிசையில் ஒரு பல் பிறவியிலேயே முளைக்கவில்லை, மேரிலேண்ட் பிரிட்ஜ் (செயற்கைப் பல்லை, பக்கத்துப் பல்லின் பின்புறம் இறக்கை மாதிரி ஒரு தகட்டால் ஒட்டி நிறுத்தும் வகை) வைத்தால் நிற்குமா என்று கேட்டிருந்தேனே, வைத்தாகிவிட்டது. வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு கிளினிக்.

தாடை வளர்ச்சி முடியாத வயசு என்பதால் இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் திருகு பதித்துப் பல் பொருத்துவது) இப்போது வேண்டாம் என்றார் டாக்டர். பக்கத்து நல்ல பல்லைச் சீவிக் கேப் போட அக்காவுக்கும் மனசு வரவில்லை.

ஆயுள் விஷயம்: 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், 5 வருஷம் கழித்துச் சுமார் 91 சதவீதமும், 10 வருஷம் கழித்துச் சுமார் 83 சதவீதமும் இந்த வகை பிரிட்ஜ்கள் வாயில் நிலைத்திருந்தன. "கழன்று விழும்" என்று இங்கே சிலர் பயமுறுத்தியது முழுப் பொய் இல்லை. ஒட்டு விடுவதுதான் இதில் அதிகம் வரும் தொல்லை. பெரும்பாலும் திரும்ப ஒட்டிவிடலாம்.

எங்களுக்கு வைத்தது ஒற்றை இறக்கை, அதாவது ஒரு பக்கத்துப் பல்லில் மட்டும் ஒட்டுவது. "ரெண்டு பக்கமும் பிடித்தால்தானே உறுதி?" என்று அக்கா வாதாடினாள். அப்படி இல்லையாம். இரண்டு இறக்கை வைத்தால், கடிக்கும்போது அவை ஒட்டிய இரண்டு பற்களும் தனித்தனியாக அசையும், ஒரு பக்க ஒட்டு விடும். மறுபக்கம் பிடித்திருப்பதால் நமக்குத் தெரியாது, இறக்கைக்கு அடியில் சொத்தை விழும். ஒற்றை இறக்கை என்றால் விட்டதுமே கையோடு வந்துவிடும். முன்பல்லுக்கு இதுதான் சரி என்று எனக்கும் படுகிறது.

அப்புறம், ஆம்பூர் பிரியாணி எலும்பை அந்தப் பல்லால் கடிக்கத் தடை. அதற்குத்தான் அழுகை!